மஞ்சள் தகடு

கனகராயன்குளத்தில்
பட்டி மாட்டுக்கும் காதில் இலக்கம் உண்டு.
எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

பிறந்தது மண்டபம் முகாம்.
படித்தது நாமக்கல், ஐந்தரை வருசம்.
அப்பாவின் ஊருக்கு வந்து
'வெளிநாட்டுப் பட்டதாரி' என்ற கட்டத்தில்
நானே புள்ளடி போட்டேன்.

பேராதனையில் பரீட்சை.
மாடு, ஆடு, பன்றி எல்லாம் தேறி
கோழியில் நாலு புள்ளி குறைவு.

நேற்றுச் சாமம்
துரைராசசிங்கத்தார் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்,
நான் கோமாரி என்றால்
கால்வாய் நோய் என்று திருத்துகிறவர்.
நாகு. தலைக்கன்று.
கால் இரண்டும் வெளியில்,
தலையைக் காணவில்லை.

வவுனியாவுக்குப் போன் எடுத்தேன்.
நித்திரைக் குரலில் டொக்டர் நிமலரூபன்:
"நான் வர ஒரு மணித்தியாலம்.
நீங்கள் கையை வையுங்கோ.
எழுத்தில அது என்ர கை."

கன்றைப் பின்னுக்குத் தள்ளி
தாடைக்குள் விரல் கொளுவித் திருப்பினேன்,
மாடு முக்காத இடைவெளிகளில் மட்டும்,
மெல்ல.
தலை வந்தது.
மூக்கைத் துடைத்துவிட்டேன். தும்மியது.

அவர் வந்து பதிவேட்டில் ஒப்பமிட
நான் டோர்ச் அடித்தேன்.

பிறகு கிணற்றடியில்
தோள்வரை சவர்க்காரம் தேய்த்தபடி
வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்:
ராணிக்கெட் என்று எழுதாதே, நியூகாசில்.
ராணிக்கெட் இல்லை.
ராணி...

"ஆர் பிள்ளை ராணி?"
வாளியோடு நின்ற துரைராசசிங்கத்தார்
கொஞ்சம் யோசித்தார்.
"பசுக்கன்றுதானே.
இருக்கட்டும், நல்ல பேர்."