ஒன்றும் தரப்படாத குழு

அவள் பெயரை எழுத மாட்டேன்.
ஒப்புதல் படிவத்தில் கொடுத்த வாக்கு அது,
மூன்றாம் பக்கம், ஏழாவது பத்தி.
சொந்த ஊரைச் சொல்லவில்லை, கிழமையை மாற்றிவிட்டேன்.
பொம்மனஹள்ளி மட்டும் அப்படியே இருக்கட்டும்.
அங்கே சட்டைக் காலர் தைப்பவர்கள்
எத்தனை ஆயிரம் பேரோ.

குழு பிரித்தது நாங்கள் இல்லை.
கணினி காசு சுண்டிப் போட்டது.
உறையைப் பிரித்தேன்: க-31, கட்டுப்பாட்டுக் குழு.
சிகிச்சைக் குழுவுக்கு எட்டு அமர்வுகள்,
மின்விசிறி உள்ள அறை, பேச ஓர் ஆள், இஞ்சி டீ.
இவளுக்கு ஒன்றுமில்லை.
வியாழன் (என்று வைத்துக்கொள்வோம்) இரவு எட்டே முக்காலுக்கு
என் அழைப்பு. ஒன்பது கேள்விகள்.
பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் ஓர் எண்.

குரலில் இரக்கம் ஏறக் கூடாது.
"அடடா" கூடாது. "அப்படியா" கூடாது.
எல்லோரிடமும் ஒரே வாக்கியம், ஒரே வேகம்.
பேராசிரியர் பெள்ளியப்பா ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து
இருபது முறை வாசிக்க வைத்தார்.

"போன ரெண்டு வாரத்துல
எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சா?"
"இருங்க, மூணாவது விசில் வரட்டும்."
காத்திருப்பேன்.
காத்திருக்கக் கூடாது என்று வழிகாட்டியில் எங்கும் இல்லை.
"ஒண்ணரைன்னு போட்டுக்கங்க."
ஒன்றரைக்குக் கட்டம் கிடையாதே அக்கா.
"அப்ப உங்க இஷ்டம்."
என் இஷ்டம் எங்கும் நுழைந்துவிடாதிருக்கத்தான்
இத்தனை ஏற்பாடும்.

ஒன்பதாவது கேள்விக்கு
அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிக்க
படிவத்தில் இடமில்லை.
பூஜ்யம் என்பாள், எப்போதும்.
ஆறாவது வாரம், ஒன்று என்றாள்.
ரகசியத்தை அன்றிரவே உடைத்தேன்,
அதுவும் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
மருத்துவர் அழைத்தார், மறுநாளும் அழைத்தார்.
அடுத்த வாரம் என்மேல் கோபம்.
கேள்வி முடியுமுன்னே
"ரெண்டு. ரெண்டு. ரெண்டு. வச்சிரட்டுமா?"

பன்னிரண்டாம் வாரம் மொத்தம் நான்கு.
பதினேழில் தொடங்கியவள்.
சிகிச்சை பெற்றவர்களின் சராசரியே எட்டுதான்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கட்டுப்பாட்டில் இரைச்சல்" என்றார்.
வரைபடத்தில் கோட்டுக்கு வெகு கீழே
தனியாக ஒரு புள்ளி.

கடைசி அழைப்பில்
எந்தக் குழு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.
சொன்னேன்.
குக்கரை அணைத்தாள் போல, அந்தப் பக்கம் அமைதி.
"ஒண்ணுமே தரலையா?
அப்ப வாராவாரம் கூப்பிட்டது யாரு?"

இனி அந்த எட்டு அமர்வுகளும் உங்களுக்கு உண்டு என்று
எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்தேன்.
"அதுல நீங்க கேப்பீங்களா?"
இல்லை, வேறொருவர்.
யோசிச்சுச் சொல்றேன் என்றாள்.
சொல்லவில்லை.
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை:
முதல் அழைப்பில் அவளுக்கு அந்த வரியை
அதே வேகத்தில் வாசித்தவள் நான்தான்.

முகம் எனக்குத் தெரியாது, படிவம் வாங்கியது வேறு ஆள்.
போன மாதம் சில்க் போர்டு நெரிசலில்
நகராத பேருந்தில், முன் இருக்கையில்,
ஓவர்டைம் எவ்வளவு நேரம் என்று யாரோ கேட்க
"ஒண்ணரைன்னு போட்டுக்க" என்றது ஒரு குரல்.
பின்னங்கழுத்தில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது, நீலம்.

வழியில் பார்த்தால் நாமாகப் பேசக் கூடாது.
அவர்கள் பேசினால் பேசலாம்.
நடத்துநர் வந்தார்.
ஆதாரை நீட்டி முணுமுணுத்தாலே போதும்,
பெண்களுக்கான பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக் கிழித்துத் தருவார்.
பொம்மனஹள்ளி என்று
தேவைக்கு மேல் கொஞ்சம்
சத்தமாகச் சொன்னேன்.