முப்பது வினாடி

பீரோவின் பக்கவாட்டில் சாக்பீஸ் எழுதும் என்று
மார்ச் கடைசிவரை எனக்குத் தெரியாது.
பச்சை பீரோ, கல்யாணச் சீர்.
அதில்தான் இப்போது ஆக்சாலிக் அமிலத்தின் சமன்பாடு.
எதிரே, திருத்தாத ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி
அதன்மேல் சாய்த்துவைத்த போன்.
தலை பாதி வெட்டுது மேம் என்றார்கள்.
கை தெரிந்தால் போதும் என்றேன்.

முதல் நாள் நாற்பத்தெட்டில் பத்தொன்பது பேர்.
முகமில்லை, பெயர்கள்.
கடைசி பெஞ்சைப் பார்த்தே பேசிப் பழகியவள்
கறுப்புக் கட்டங்களிடம்
"புரியுதா?" என்கிறேன்.
யார் வீட்டிலோ மிக்சி ஓடுகிறது.
மிக்சிக்குப் புரிந்திருக்கிறது.

கோரிக்கைகள் இரவில் வரும்.
வீடியோ வேணாம் மேம், வாய்ஸ் மட்டும் போடுங்க,
ஒன்றரை ஜிபியில தங்கச்சியும் படிக்கணும்.
போன் அண்ணனோடது மேம்,
அது வீட்டுக்கு வர பத்தாயிடும்.
அமுதவல்லி, காடாம்புலியூர்:
முந்திரி உடைக்கிறோம் மேம்,
எண்ணெய் பட்டு விரலெல்லாம் தோல் உரிஞ்சிடுச்சி,
போன் என் ரேகையை எடுக்கமாட்டேங்குது,
அசைன்மென்டுக்கு ரெண்டு நாள் குடுங்க.
அந்த எண்ணெயிலுள்ள அமிலத்தின் பெயர் எனக்குத் தெரியும்.
பெயரை அனுப்பவில்லை.
நான்கு நாள் என்று அனுப்பினேன்.

குடிகாட்டுப் புஷ்பநாதன் வகுப்பிலேயே கேட்டான்:
"ராத்திரி வர்ற வாடை ஒரு மாசமா இல்ல மேம்,
சிப்காட் மூடினதுலேர்ந்து.
அது எந்த யூனிட்ல வருது?"
நெட் போய்விட்டது என்று பிறகு சொன்னேன்.
அன்று நெட் போகவில்லை.

துறைத்தலைவருக்கு வருகைப்பதிவு வேண்டும், எக்செல்லில்,
தினமும் நான்கு மணிக்குள்.
நான் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்.
ஏப்ரலில் கௌரவம் மட்டும் வந்தது.
மே மாதமும் அதுவே.

பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவை
எல்லாம் கல்லூரியில் பூட்டிக் கிடக்க
புதுப்பாளையத்து வாடகை வீட்டில்
வாயால் தரம்பார்த்துக்கொண்டிருந்தேன்:
சொட்டு சொட்டாக விடுங்கள்,
வெளிர் இளஞ்சிவப்பு வரும்,
முப்பது வினாடி நிலைத்தால் அதுவே முடிவுநிலை.

கலைவேந்தன் மைக்கைத் திறந்தான்.
சோனாங்குப்பம். தடைக்காலம்.
பின்னால் ஆட்கள், வலை, ஒரு ரேடியோ.
"எந்தச் சிவப்பு மேம்?
சங்கரா மீன் சிவப்பா, எறா வெந்தா வர்றதா,
செவுளைத் தூக்கினா தெரியுமே, அதுவா?"

பதினோரு வருடமாக இந்த வரியைச் சொல்லித்தருகிறேன்.
யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை,
குடுவை கண்ணெதிரே இருந்தது.
செவுள் இல்லை என்றேன்.
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

அப்புறம் சமையலறைக்குப் போய்
மஞ்சள் தூளை எடுத்துவந்தேன்.
தம்ளரில் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்,
சோப்புத் தண்ணீரை ஸ்பூனால் விடுங்கள்.
இது அந்த நிறம் இல்லை, வேறு நிறம்.
ஆனால் மாறுகிற இடத்தைப் பாருங்கள்,
எந்தச் சொட்டில் என்று எழுதுங்கள்.

பத்து மணிக்குமேல், அண்ணன்கள் வந்தபின்,
தம்ளர்கள் வரத் தொடங்கின.
செங்கல், துரு, பீட்ரூட்.
ஒன்றில் பக்கத்து வீட்டு வெற்றிலைச் சுண்ணாம்பு,
ரத்தம்போல.
பரங்கிப்பேட்டை ஜுலைகாவுடையது மஞ்சளாகவே இருந்தது:
சோப்பு தீந்துபோச்சு, ஷாம்பு ஊத்தினேன், மாறவே இல்ல.
நான் ஃபெயிலா மேம்?
இல்லம்மா, மாறாததும் ரிசல்ட்தான், எழுது.

கலைவேந்தன் படம் அனுப்பவில்லை.
ஒரு குரல்பதிவு.
ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுகிறான்.
பதினாலில் யாரோ தும்ம
பதினாலையே மறுபடி எண்ணுகிறான்.
இருபதுக்குமேல் இன்னொரு குரலும் சேர்ந்துகொள்கிறது,
வயதான குரல், கரகரப்பாக,
படகில் மீன் கூடை எண்ணும் ராகத்தில்.
முப்பது.
"அப்படியே நிக்கிது மேம்."

என்ன நிறம் என்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
எக்செல்லைத் திறந்து
கலைவேந்தன், வந்திருந்தான் என்று போட்டேன்.
நேரம் இரவு 10.47.
அந்தக் கட்டம் சிவப்பாகி
செல்லாத மதிப்பு என்றது.