ஐம்பத்தொரு மீற்றர்

வாழைச்சேனைத் துறைமுக வீதியில்
போன் திருத்தும் கடை எனக்கு.
ஜெசீலா கொண்டுவந்தது
மணிக்கூடு போலொன்று, கண்ணாடியெல்லாம் உப்பு.
"இவர்ட. அட்டைக்கு முங்கினவர்.
இப்ப இடுப்புக்குக் கீழ உணர்வில்ல."

முதலாளியின் கொப்பியில்
அன்றைய ஆழம்: இருபத்தெட்டு.

செய்த கம்பனி இந்த மொடலை
மறந்து ஒன்பது வருடம்.
அவர்களின் மென்பொருள்
கடவுச்சொல் கேட்டது, பிறகு காசு,
பிறகு பேசவேயில்லை.

எந்தக் குளிர்நாட்டிலோ யாரோ
கூலியின்றி எழுதித்
திறந்தே வைத்துவிட்ட நிரலில்
இந்த மொடலுக்கும் ஒரு பக்கம் இருந்தது.
எந்த பைட் ஆழம், எது நேரம்,
எது இன்னும் விளங்கவில்லை என்றுகூட.

பழைய சார்ஜர் வயரை வெட்டி
மூன்று ஊசி ஒட்டினேன்.
இரண்டுதரம் பிழைத்தது.

பிறகு
நீலக்கோடு இறங்கியது,
இருபத்தெட்டில் நிற்காமல்.
ஐம்பத்தொன்று.
அன்றைக்கு நான்காவது இறக்கம்.
ஏறிய கோடு சுவர்மாதிரி நேர்.

ஜெசீலா ஆழத்தைப் பார்க்கவில்லை.
ஆறு மீற்றரில் ஒரு சின்னப் படி,
நாற்பது செக்கன்.
"இதில என்ன செய்தவர்?"

நிற்கப் பார்த்திருக்கிறார் என்றேன்.
காற்று விட்டிருக்காது.

இரண்டு பிரதி எடுத்தேன்.
ஒன்று லேபர் ஒப்பீசுக்கு.
மற்றதை
அந்தப் படியில் மடிப்பு விழாமல்
மடித்து வைத்துக்கொண்டாள்.