பதினாலு காலியா?

ரயில் இரண்டே நிமிடம் நிற்கும் மொராவிய ஊர்.
வீட்டில் குழாய் இல்லாதவர்களுக்காக
நகராட்சி கட்டிய குளியல் கூடம்
இப்போது ஓவியக்கூடம்.
நான் சீட்டுக் கிழிப்பவன்.

சுவரெல்லாம் வெள்ளை ஓடு.
ஆணி அடித்தால் விரியும்,
புராதனக் கட்டடம் என்று சட்டமும் முறைக்கும்.
அதனால் தூண்டில் நரம்பில் தொங்குகின்றன படங்கள்.
வெளியே லாரி போனால்
நிலக்காட்சிகள் லேசாக ஆடும்.
தரை இன்னும் வடிகால் பக்கம்தான் சரிகிறது:
கைதவறிய பென்சிலை
நேரே அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகி வ்லாஸ்தாவுக்கு ஈரம்தான் எதிரி.
அறைக்கு ஒரு ஈரமானி.
நாலு மணிக்கு நான் குறித்து வைக்க வேண்டும்,
ஏறியிருந்தால் காரணத்தோடு.

வியாழக்கிழமை வந்தவளுக்கு அறுபது இருக்கும்.
கையில் சைக்கிள் ஹெல்மெட்.
"பதினாலு காலியா?"
ஓவியக்கூடத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.
காலிதான் என்றேன்.
எந்நாளும் எல்லா அறையும் காலிதான்
என்று சொல்லவில்லை.

பதினாலில் ஒரே படம்:
சாம்பல் சதுரம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.
பள்ளிப் பிள்ளைகள் பாதியில் விட்டது என்பார்கள்.
அவள் அதைப் பார்த்தாளா, தெரியாது.
குழாய் இருந்த துளையில் விரலை வைத்தாள்.

சனிக்கிழமைதோறும்
பசைத் தொழிற்சாலையிலிருந்து அம்மா வந்த பிறகு.
முதலில் அம்மா,
அதே தண்ணீரில் இவள்,
அதே தண்ணீரில் தம்பி.
சீட்டுக்கு முப்பது நிமிடம்.
நேரமானால் ரூஜிச்கோவா
பித்தளைக் கம்பியால் கதவைத் தட்டுவாளாம்,
உள்ளே யார் இருந்தாலும்.
இதெல்லாம் சுவரிடம்தான் சொன்னாள்.
கதவருகே நின்றதால் எனக்கும் கேட்டது.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.
விதிப்படி கூடாது.
தட்டப் போனேன்.
விரல் முட்டி மரத்தைத் தொடுமுன்
முகம் தெரியாத அந்த ரூஜிச்கோவா
எனக்குள் கம்பியை ஓங்குவது தெரிந்து
கையை இறக்கிவிட்டேன்.

சரியாக முப்பதாவது நிமிடம்
தானே வெளியே வந்தாள்.
காது மடல் சிவந்திருந்தது.
பின்கழுத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு
ஹெல்மெட்டை மாட்டாமல்
கைப்பிடியில் தொங்கவிட்டு மிதித்துப் போனாள்,
தலை காயட்டும் என்பவள் போல.

நாலு மணி.
பதினாலில் இரண்டு சதவீதம் கூடுதல்.
'காரணம்' என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.

நல்ல வெயில் அன்றைக்கு.
வ்லாஸ்தா கையெழுத்துப் போட்டாள்,
ஜன்னல் பக்கம் திரும்பாமல்.