ஐம்பத்தைந்து நிமிடம்

லோகேஸின் வக்கீல் ஒரே வரியில் முடித்திருந்தார்:
"கோலாலம்பூரிலிருந்து பினாங்கு
ஆகாய வழியில் ஐம்பத்தைந்து நிமிடம்.
தந்தை வந்துபோக இடைஞ்சல் ஏதுமில்லை."
நீதிபதியம்மாள் கண்ணாடியைத் துடைத்தபடி
சனிக்கிழமை, ஒன்றுவிட்டு ஒன்று, என்றார்.
பகல் பன்னிரண்டு முதல் ஆறு.

வக்கீல் எழுதியது பொய்யில்லை.
பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக் கூரைக்கு மேலேதான்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் விமானம்.
இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்
எரிபொருள் வாசம் மூக்கில் ஏறும்.

அந்த ஐம்பத்தைந்துக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது,
அதற்கும் முன்னால் இன்னொன்று.
பின்னால் சிப்பாங்.
சிப்பாங்கிலிருந்து ரயில், ரயில் மாறி ரயில்,
கெப்போங் நிலையத்து வெளியே
"இரண்டு நிமிடத்தில்" வந்துகொண்டேயிருக்கும் கிராப்.
ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். நாலரை மணி.
சாலையிலும் நாலரைதான்.
வானத்துக்கும் தாருக்கும் வித்தியாசம்
நூற்றெண்பது ரிங்கிட்.

ஆகவே என் வெள்ளை மைவி.

ஏழு இருபதுக்குப் பாலம்.
ஜூரு டோலில் கார்டில் காசு போதாமல்
பின்னால் நிற்கும் லாரி என் வம்சத்தையே ஹார்னில் திட்டும்.
தைப்பிங்கில் மழை; அது கணக்கில் சேராது, எப்போதும் உண்டு.
மெனோரா சுரங்கத்துக்குள் வானொலி பாதிச் சொல்லில் அறுந்து
மறுபக்கம் வேறொரு சொல்லில் ஒட்டிக்கொள்ளும்.
தாப்பாவில் இருபது நிமிடத் தூக்கம்,
செருப்பைக் கழற்றாமல்.
பீடோரில் இறங்கிக் கொய்யா வாங்கினால் பதினைந்து நிமிடம் போகும்;
வாங்காவிட்டால் அவன் முதலில் கேட்பது அதைத்தான்.

பன்னிரண்டு பத்து. சில நாள் பன்னிரண்டு நாற்பது.
லோகேஸ் கேட்டைத் திறந்து மணி பார்ப்பாள்.
ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.
சொல்லாததையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள்
என்பது அடுத்த விசாரணையில் தெரிந்தது.

தர்வினின் கணக்குப் புத்தகத்தில் ஒருநாள் பார்த்தேன்.
ஒரு கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில்
360 கிலோமீட்டர் செல்ல எத்தனை மணி நேரம்?
எட்டு, என்று எழுதியிருந்தான்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: திரும்பவும் போகணும்ல.
டீச்சர் சிவப்பில் அடித்திருந்தார்.

இந்த விடுமுறைக்கு அவனே வருகிறான்.
தனியாக, கழுத்தில் அட்டை தொங்க.
ஒன்பது வயசு, பரவாயில்லை என்றாள் லோகேஸ்.
ஐம்பத்தைந்து நிமிடம்தானே.

விமான நிலையத் தூணில் சாய்ந்து
போனில் அந்த மஞ்சள் விமானத்தைப் பார்க்கிறேன்.
அது என் ஊர்கள் எதற்கும் போகவில்லை.
தாப்பா இல்லை, சுரங்கம் இல்லை.
சபாக் பெர்ணம், தெலுக் இந்தான் என்று
நான் ஒருநாளும் நிற்காத ஊர்களின் மேல் நகர்கிறது,
பிறகு வெறும் நீலம்.
நாலரை மணி நேரம் என் கையில் ஸ்டியரிங் இருந்தது,
காலில் பிரேக் இருந்தது.
இப்போது கையில் ஒரு பை கொய்யா,
பாயான் பாரு சந்தையில் வாங்கியது.
பீடோர்க் கொய்யா என்று அந்தச் சீனர் சத்தியம் செய்தார்.

கண்ணாடிக் கதவு திறந்து
நிலையச் சீருடைப் பெண் ஒரு தாளை நீட்டினாள்.
உறவு: தந்தை.
பெற்றுக்கொண்ட நேரம் என்றொரு கட்டம்.
11.52 என்று எழுதினேன். கை கொஞ்சம் கோணியது.

"அப்பா, மேலேருந்து பாலம் தெரிஞ்சுது.
பென்சில் கோடு மாதிரி.
அதுல ஒரு வெள்ளை காடி போச்சு,
கே.எல் பக்கமா.
நீங்கதான்னு நெனச்சு
கண்ணாடியத் தட்டிட்டேன்."