எட்டு முப்பத்தைந்து யாருது?

வஞ்சிபாளையம் ரயில்வே கேட்டை
கூட்ஸ் வண்டிக்காக மூடிவிட்டார்கள்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி. நின்று எண்ணியிருக்கிறாள்.
ஓடிவந்து மிஷினில் விரல் வைத்தபோது
எட்டு முப்பத்தைந்து.
கால் ஷிப்ட் கட்.

சனிக்கிழமை கவரைப் பிரித்துப் பார்த்து
என் ஜன்னலுக்கு வந்தாள் ஓவர்லாக் பூவாத்தா.
"ஏனுங் சார், போர்டுல பாருங்க.
எட்டு முப்பதுல இருந்து முப்பத்தஞ்சு முழு ஷிப்ட்.
முப்பத்தஞ்சுல இருந்து ஒம்பதரை முக்கால் ஷிப்ட்.
ரெண்டு வரியிலயும் முப்பத்தஞ்சு இருக்குதுங்.
அப்ப அந்த நிமிசம் யாருதுங்?"

நான் பி.எஸ்சி. கணிதம்.
படிச்சார்பை நோட்டில் வரைந்திருக்கிறேன், ஸ்கேல் வைத்து.
ஒவ்வொரு படிக்கும் ஒரு முனையில் நிரப்பிய புள்ளி,
மறுமுனையில் வெற்று வட்டம்.
நிரப்பிய புள்ளி என்றால் இங்கே இருக்கிறேன்.
வெற்று வட்டம் என்றால்
இதுவரை வந்தேன், இல்லை.
இரண்டு மதிப்பெண் கேள்வி அது.
அந்த வட்டத்துக்குள் ஒருநாள் ஒருத்தி
டிபன் தூக்கோடு நிற்பாள் என்று
எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

நேரம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது.
சம்பளத்துக்கு வழுக்கத் தெரியாது.
மட்டமாய் நடக்கும்,
திடுக்கென்று ஒரு படி இறங்கும்,
மறுபடி மட்டம்.
எட்டு நாற்பதுக்கு வந்தாலும்
ஒன்பது இருபத்தெட்டுக்கு வந்தாலும் அதே முக்கால்தான்.
இது தெரிந்த கட்டிங் பையன்கள்
தாமதமாகிவிட்டால் அவசரப்படுவதே இல்லை.
எதிர்க்கடையில் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்று
ஒன்பது இருபத்தெட்டுக்கு
வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள்.
கிடைக்கோட்டின் சுகம் அவர்களுக்கு.
விளிம்பில் மூச்சு வாங்குகிறவளுக்குத்தான் பள்ளம்.

இரண்டு படிக்கும் சேர்த்துப் புள்ளியை நிரப்பவும் முடியாது.
ஒரு நேரத்துக்கு ஒரு சம்பளம்;
இரண்டு வந்தால் அது சார்பே இல்லை.
யாரோ ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

சிஸ்டத்தைத் திறந்தேன்.
அறுநூற்று நாற்பது பேரின் காலைகள்
ஒரே வரியில் அடங்கியிருந்தன.
நடுவில் ஒரு 'சிறியது' குறி,
காக்கை மூக்கு மாதிரி.
அதன் கீழே இருக்க வேண்டிய சின்னக் கோடு
இல்லை.

முதலாளிக்கு இந்தக் குறியெல்லாம் தெரியாது.
மேனேஜர் தொடமாட்டார்.
தீபாவளி போனஸ் நெருக்கடியில்
ராத்திரி பதினொன்றரைக்கு
சாயப்பட்டறை வாடையோடு உட்கார்ந்து
நானேதான் அடித்தேன்.
தூக்கக் கலக்கத்தில் விட்டுப்போன கோடு அது.
முடிவு என்று கூடச் சொல்ல முடியாது.

பழைய பதிவுகளில் தேடினேன்.
எட்டு மாதம், நூற்றுப் பன்னிரண்டு விரல்கள்
அந்த நிமிடத்தில் விழுந்திருந்தன.
ஒருவரும் கேட்டதில்லை.
கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று
கணக்கு தெரியாதவர்களும்
கணக்கு தெரிந்த நானும்
நம்பிக்கொண்டிருந்தோம்.

"என்ற தப்புங்க்கா."

அவள் கோபப்படவில்லை. ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.
"இத்துனூண்டு கோடுங்ளா?"
"ஆமாங்."
"போட்டுட்டீங்ளா?"
"போட்டுட்டனுங்."
"அப்ப அந்த நூத்திப் பன்னெண்டு பேருக்கு?"

அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும்.
பேப்பர் எழுதியிருக்கிறேன்.
மேஜை டிராயரில் இருக்கிறது.
நாளை கொடுப்பேன் என்று
மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை
எட்டு முப்பத்தைந்துக்கு வந்த நான்கு பேருக்கு
முழு ஷிப்ட் ஏறியது.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
ஐந்தாவது ஆள் ஒடிசாக்காரர், அயர்னிங் செக்‌ஷன்,
விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தார்.
சிவப்பு விளக்கு.
எட்டு முப்பத்தாறு.

படியை நான் எடுக்கவில்லை,
ஒரு நிமிடம் தள்ளி வைத்திருக்கிறேன்.
அவர் என் ஜன்னலைப் பார்த்தார்.
நான் மானிட்டரைப் பார்த்தேன்.

இன்றைக்குக் கூட்ஸில்
ஐம்பத்தொன்பது பெட்டி போல.