ஐந்தாவது பெயர்

இங்கே பாடப் பட்டியலைக் காலண்டர் என்பார்கள்.
கிழமை இல்லை, ராகுகாலம் இல்லை,
கிழித்தெறியத் தாளும் இல்லை.
வேலைக்குச் சேர்ந்த வாரம் அதைத் திறந்து
வெள்ளிக்கிழமையைத் தேடியவள் நான்.

பதினோரு ஆண்டாகப் பதிவாளர் அலுவலகம்.
கோர்னர் புரூக். குன்றின்மேல் பல்கலைக்கழகம்,
கீழே காகித ஆலை, அப்பால் குடா.
காற்று திரும்பும் நாளில்
விரிவுரை மண்டபம்வரை அவித்த மரத்தின் வாசம்.
சிறிய இடம்.
உணவகத்தில் சூப் தீர்ந்தால்
நூலகத்தில் இருப்பவனுக்கும் தெரிந்துவிடும்.

காலண்டரில் சேர்ப்பதும் நான், அடிப்பதும் நான்.
ஜெர்மன் போனது. தத்துவத்தில் பாதி போனது.
விதி எளிது:
செப்டம்பர் மூன்றாம் வியாழன், எண்ணும் நாளில்,
ஐந்து பேர் இல்லாத பாடம்
அடுத்த ஆண்டு இல்லை.

பாசியியல், மூன்றாம் ஆண்டு, வியாழன் பிற்பகல்.
பேராசிரியர் பெர்னடெட் ஹைன்ஸ்
ரப்பர் பூட்ஸோடு பாடம் எடுப்பவர்.
அவர் கையெழுத்தும் பாசிதான்,
தாளின் ஈரமான ஓரத்தில் மட்டும் படரும்.
எந்த ஆண்டும் அவருக்கு நாலு பேர்.
நாலு பேர்
தோளில் தூக்கப் போதும்.
பாடத்தைக் காக்கப் போதாது.

ஆனால் எண்ணும் நாள் காலையில்
ஐந்தாவது பெயர் ஒன்று வந்து சேரும்.
முதலில் ஒரு கணிதத்துறைப் பையன்.
பிறகு வணிகம். பிறகு ஹாக்கி அணியின் கோல்காப்பாளன்,
பாசிக்கும் புல்லுக்கும் பேதம் தெரியாதவன்.
மறுநாளே விலகல் படிவம்.
காரணம் என்ற கட்டத்தில் வருடாவருடம் ஒரே வாக்கியம்:
நேர அட்டவணை ஒத்துவரவில்லை.
எழுத்து வேறு வேறு, பேனா ஒன்று.
பச்சை மை.

மூன்றாம் பச்சையில் எனக்குப் பிடிபட்டது.
மேலதிகாரி கார்ல் பென்னி நல்ல மனிதர்,
எண்ணை மட்டும் நம்புவார்.
எண் ஐந்து. ஐந்தையே அனுப்பினேன்.
பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை.
அன்று மாலை வீட்டில்
பார்த்தெழுதிய ஒரு விடைக்காக
மகனை அரைமணி நேரம் திட்டினேன்.

இந்த ஆண்டு ஐந்தாவது பெயர்
தமரா ஸ்னூக், தாதியியல்.
இரவில் முதியோர் இல்லத்தில் வேலை;
பேருந்து தவறினால் குன்றை நடந்தே ஏறுகிறவள்.
வெள்ளி காலை கவுண்டரில் நின்றாள்.
படிவம் நிரம்பியிருந்தது. பச்சை மை.
கையை நீட்டினேன். தரவில்லை.

"நேற்று போய் உட்கார்ந்தேன்,
ஒரு நாளாவது ஆள் இருக்கவேணும் என்றார்கள்.
காய்ந்த பாசி ஒன்றைக் கையில் வைத்தார்.
பெட்டிக்குள் எத்தனையோ வருடம் கிடந்ததாம்.
ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார்."

அதற்குமேல் சொல்லவில்லை.
உள்ளங்கையைப் பார்த்தாள்,
துடைத்தாள், மறுபடி பார்த்தாள்.

பின்னால் வரிசை நீண்டது.
விடுதிச் சாவியைத் தொலைத்தவன்,
விசாக் கடிதத்துக்கு முத்திரை கேட்டு
லூதியானாப் பிள்ளைகள் இரண்டு பேர்.
"விலகலா, இல்லையா?" என்றேன்
அலுவலகக் குரலில்.

படிவத்தை அவள் கவுண்டரிலேயே மடித்தாள்.
கீழிருந்து மேலே ஒரு மடிப்பு,
இரு ஓரமும் பின்னால்,
மேலே ஒரு மூடி.
சின்னஞ்சிறு உறை.
பாசியை இப்படித்தான் வைப்பார்களாம்.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
குளிருக்குள் போய்விட்டாள்.

டிசம்பரில் திரைக்கு வந்தது மதிப்பெண்.
அறுபத்தொன்று.
ஐந்து வரிகளையும் இரண்டு முறை எண்ணினேன்,
தேவை இல்லாமல்.

இப்போது பிப்ரவரி. ஜன்னலில் பாதிக்குமேல் பனி.
புதுக் காலண்டரில் அந்தப் பாடம் இருக்கிறது.
வியாழன் என்ற சொல்லில் ஓர் எழுத்துப்பிழை,
அதை மட்டும் திருத்தவேண்டும்.